சுவிட்ச் யார் கையில்?

அறிவியல் புனைகதை என்றாலே ராக்கெட்டும் ரோபோவும்தான் என்று நினைக்கும் தோழர்கள், ஐசக் அசிமோவின் 'ஃபவுண்டேஷன்' நாவலை ஒருமுறை படித்துப் பாருங்கள். 1951-இல் நூலாக வந்தது. அதில் உள்ள ஒரு கதை 1942-இலேயே பத்திரிகையில் வந்துவிட்டது. அப்போது அசிமோவுக்கு வயது 22.

கதை இதுதான். விண்மீன்களை எல்லாம் ஆண்ட பேரரசு சிதைகிறது. அதிலிருந்து பிரிந்துபோன நாடுகள் அணுசக்தி அறிவை இழந்துவிட்டன. டெர்மினஸ் என்ற சிறு கோளில் மட்டும் விஞ்ஞானிகள் இருக்கிறார்கள், ஆனால் படை இல்லை. அதன் மேயர் சால்வர் ஹார்டின் அண்டை நாடுகளுக்கு அணுசக்தியைத் தருகிறார், மதத்தின் வடிவத்தில். மின்நிலையத்தை இயக்குபவர்கள் குருமார்கள். எந்தப் பொத்தானை எப்போது அழுத்துவது என்பது அவர்களுக்குச் சடங்கு. ஏன் என்பதை யாரும் சொல்லித் தருவதில்லை.

அனாக்ரியான் நாட்டு அரசனும் இதில் லாபம் பார்க்கிறான். ஒளிவட்டத்தோடு அந்தரத்தில் மிதக்கும் அரியணையில் அமர்ந்து, தன்னைத் தெய்வ அம்சமாகக் காட்டிக்கொள்கிறான். அவனுடைய சிற்றப்பன் வீனிஸ் டெர்மினஸ்மீது படையெடுத்ததும், குருமார்கள் நாடு முழுக்க மின்சாரத்தை நிறுத்துகிறார்கள். அரியணை கீழே விழுகிறது. தலைமைக் கப்பலில் இருக்கும் குரு சாபமிட, அதே நேரத்தில் கப்பல் செயலிழக்கிறது. வீரர்கள் நடுங்கிப்போய்க் கலகம் செய்கிறார்கள். போர் இல்லாமலே ஹார்டின் ஜெயித்துவிடுகிறார்.

படிக்கும்போது நாமும் கைதட்டுவோம். நானும் தட்டினேன். பிறகுதான் உறைத்தது: அந்த வீரர்களுக்கு என்ன கிடைத்தது? அரசனும் அவர்களை ஏமாற்றினான், மேயரும் ஏமாற்றினார். இங்கே மூடநம்பிக்கையை உற்பத்தி செய்தவர் பூசாரி அல்ல, அறிவியல் தெரிந்தவர். சாபத்துக்குப் பின்னால் இருந்தது முன்கூட்டியே ஒளித்துவைத்த ஒரு கருவி. அதை மட்டும் அந்த வீரர்கள் அறிந்திருந்தால், அரசனும் அவர்களை ஆண்டிருக்க முடியாது, மேயரும் மிரட்டியிருக்க முடியாது.

அறிவை மறைத்து ஆள்வது நமக்குக் கற்பனை அல்ல. யார் படிக்கலாம், யார் படிக்கக் கூடாது என்பதைப் பிறப்பால் தீர்மானித்த மனுஸ்மிருதியை 1927 டிசம்பர் 25 அன்று மகாட்டில் அண்ணல் அம்பேத்கரின் தலைமையில் எரித்தது இதனால்தான்.

இன்று அந்தக் குருமார்கள் வேறு உடையில் இருக்கிறார்கள். ஒரு விதவைத் தாயின் உதவித்தொகை மனு ஏன் தள்ளுபடி ஆனது என்று கேட்க ஓர் அலுவலகத்துக்குப் போனேன். "சிஸ்டம் அப்படித்தான் காட்டுது மேடம்" என்றார் அங்கிருந்தவர். காரணம் அவருக்கும் தெரியாது. பொத்தானை அழுத்த மட்டுமே அவருக்குக் கற்றுத் தந்திருக்கிறார்கள்.

எனவே தோழர்களே, கருவி கையில் கிடைத்துவிட்டது என்று திருப்தி அடையாதீர்கள். அது எப்படி வேலை செய்கிறது, யார் சொல்படி வேலை செய்கிறது என்று கேளுங்கள். 'எழுதிக் கொடுங்கள்' என்று சொல்லுங்கள். பதில் வரும்வரை நகராதீர்கள்.