கைக்குள் ஒரு டீசல் இன்ஜின்

புனேயின் கட்கியில் 1946-இல் தொடங்கிய கிர்லோஸ்கர் ஆயில் இன்ஜின்ஸ், நம் ஊர்க் கிணற்றுமேடுகளுக்குப் பழைய சொந்தம். தகரக் கொட்டகைக்குள் ஐந்து குதிரைசக்தி இன்ஜின். லீவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஹாண்டிலைச் சுற்றுவார்கள். சக்கரம் வேகம் பிடித்ததும் லீவரை விடுவார்கள். 'டுப்' என்று ஒரு சத்தம், ஒரு கொத்துக் கரும்புகை, பிறகு சீராக ஓட ஆரம்பித்துவிடும். ஸ்பார்க் பிளக் கிடையாது, தீப்பொறி கிடையாது. அப்படியானால் உள்ளே தீ எப்படி வந்தது?

பொறியியல் படித்தவர்களுக்கு இந்தக் கேள்வி செமஸ்டர் வைவாவை நினைவூட்டும். நாட்டின் பாதி தெர்மல் லேப்களில் நிற்பது இதே கம்பெனியின் டிவி-1. ஒற்றை சிலிண்டர், 87.5 மில்லிமீட்டர் போர், 110 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், கம்ப்ரஷன் விகிதம் 17.5. எண்களை ஒப்பிப்போம், கிராஃப் போடுவோம், மார்க் வாங்குவோம். காற்றை வேகமாக நசுக்கினால் அது தீப்பற்ற வைக்கும் அளவுக்குச் சுடும் என்பதை மட்டும் யாரும் கண்ணால் பார்த்திருக்க மாட்டோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப்பின் அடிப்பாகம் சுடுவதோடு நம் அனுபவம் நின்றுவிடுகிறது.

அதைக் கண்ணால் காட்டும் கருவி ஒன்று உண்டு. தீப்பிஸ்டன். ஒரு பக்கம் அடைத்த சின்னக் குழாய். அதற்குள் காற்றுப் புகாமல் பொருந்தும் ஒரு தண்டு. தண்டின் நுனியில் ஒரு குழி. குழியில் எளிதில் கனலும் பஞ்சு போன்ற ஏதாவது ஒன்றை வைத்து, தண்டை ஒரே அடியாக உள்ளே அடித்து, உடனே வெளியே இழுத்தால் நுனியில் சிவப்பாகக் கங்கு. வத்திப்பெட்டி வேண்டாம், கல் வேண்டாம், பெட்ரோல் லைட்டர் வேண்டாம். காற்றும் கையும் போதும்.

இதைக் கண்டுபிடித்தது ஐரோப்பா என்று புத்தகம் படித்தவர்கள் சொல்வார்கள். பிரான்ஸின் லியோன் நகரில் ஜோசப் மொலே என்ற பௌதிகப் பேராசிரியர் 1800-களின் தொடக்கத்தில் காற்றை அழுத்திப் பஞ்சு கொளுத்திக் காட்டினார். 1807-இல் இங்கிலாந்தில் காப்புரிமை கூட வாங்கினார்கள். கனவான்கள் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு சுருட்டுப் பற்றவைத்தார்கள். 1827-இல் ஜான் வாக்கர் உரசுகிற தீக்குச்சியை விற்க ஆரம்பித்ததும் அந்த மோகம் அடங்கியது. எல்லாம் சரிதான். ஆனால் மலாய் தீபகற்பத்திலும் சுமத்ராவிலும் போர்னியோவிலும் பர்மா மலைகளிலும் மக்கள் இதைத் தங்கள் பாட்டுக்கு இடுப்பில் செருகிக்கொண்டு திரிந்தார்கள். மூங்கில், மரம், மாட்டுக்கொம்பு, பித்தளை, ஈயம் என்று கையில் கிடைத்ததில் செய்தார்கள். பல்லுப்போன பாட்டி வெற்றிலை இடிக்கும் சின்ன உரலும் உலக்கையும் போலவே இருக்கும். பார்த்த வெள்ளைக்காரர்களுக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. ஆக்ஸ்போர்டின் பிட் ரிவர்ஸ் அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருந்த ஹென்றி பால்ஃபர், 1907-இல் இந்தக் கருவியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே எழுதினார். காட்டுவாசிகள் தாங்களாகவே கண்டுபிடித்தார்களா, ஐரோப்பாவிலிருந்து போய்ச் சேர்ந்ததா என்பது அப்போதைய சர்ச்சை. இரட்டை மூங்கில் துருத்தி வைத்து இரும்பு உருக்கிய ஜனங்களுக்குக் குழாயும் தண்டும் காற்றும் புதிதா என்ன? என் ஓட்டு அவர்களுக்குத்தான்.

இந்தக் கருவிக்கும் கட்கி இன்ஜினுக்கும் நடுவில் ஒரு ஜெர்மன்காரர் நிற்கிறார். ருடால்ஃப் டீசலுக்கு மியூனிக்கில் பாடம் நடத்தியவர் கார்ல் ஃபான் லிண்டே, குளிர்பதன இயந்திரங்களுக்குப் பேர்போனவர். லிண்டேவுக்குப் பினாங்கில் யாரோ ஒரு தீப்பிஸ்டனைப் பரிசளித்ததாகவும், அவர் அதை ஊருக்குக் கொண்டுவந்து எல்லோர் முன்னாலும் பற்றவைத்துக் காட்டியதாகவும், கூட்டத்தில் டீசல் இருந்ததாகவும் ஒரு கதை உலவுகிறது. கதைக்கு அழகு அதிகம், சாட்சி குறைவு. டீசல் 1892-இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்ததும், 1897-இல் ஆக்ஸ்பர்க் நகரில் அவருடைய இன்ஜின் சோதனையில் தேறியதும் சரித்திரம். பினாங்குத் தமிழர்கள் அந்தக் கதையில் தங்கள் ஊருக்கு ஒரு பங்கு கேட்டால் நான் மறுக்க மாட்டேன்.

ஒரு தீப்பிஸ்டன் செய்து பார்க்கலாம் என்று புனேக்குப் பக்கத்தில் போசரியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். போசரியில் தெருவுக்குத் தெரு லேத். பெரிய வண்டிக் கம்பெனிகளுக்கு உதிரிபாகம் கடைந்து கொடுக்கிற சின்னச் சின்ன ஷெட்டுகள். டர்னர் வயதானவர், எல்லோரும் 'காகா' என்றே கூப்பிடுகிறார்கள். நான் தாளில் படம் போட்டு நீட்டினேன். மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.

"தண்ணி பம்ப்பா?"

"இல்லை காகா, தீ மூட்டுறதுக்கு."

கொஞ்ச நேரம் தாளையே பார்த்தார். "இது இன்ஜின்தானே சாஹேப். டீசல் மட்டும் இல்லை."

இதற்குமேல் நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. அவர்தான் எனக்கு விளக்கினார். பித்தளைக் கம்பியில் மூன்று நூல் துளை, அதாவது ஒன்பதரை மில்லிமீட்டர். ஆழம் ஒன்பது சென்டிமீட்டர். ட்ரில் போட்டு நிறுத்தினால் உட்சுவரில் கோடு விழும், காற்று அதன் வழியே கசிந்துவிடும். ரீமர் விட்டு, பிறகு நைஸ் எமரி சுற்றிய குச்சியால் கண்ணாடி மாதிரி ஆக்க வேண்டும். தண்டின் நுனிக்குச் சற்று மேலே ஒரு பள்ளம் வெட்டி அதில் ரப்பர் ஓ-ரிங். ரிங் இறுக்கமாக இருந்தால் தண்டு இறங்காது, லூசாக இருந்தால் தீ வராது. விரல் நுனியில் தொட்ட வாசலின் போதும், எண்ணெயை ஊற்றக் கூடாது. மிஞ்சிய எண்ணெய் பஞ்சை நனைத்துவிடும், சில சமயம் உள்ளேயே படாரென்று வெடித்து எரியும். மலாய்க்காரர்கள் ஓ-ரிங்குக்குப் பதில் நூலைச் சுற்றி மெழுகோ கொழுப்போ தடவினார்கள். தண்டு முழுவதும் இறங்கிய பிறகும் அடியில் நாலைந்து மில்லிமீட்டர் இடம் இருக்க வேண்டும், பஞ்சும் நசுங்கிய காற்றும் அங்கேதான் உட்காரும்.

ஒருமுறை ரிங் போட்டுப் பார்த்தார். விரலால் அமுக்கிவிட்டால் தண்டு தானாக மேலே எழும்பி வர வேண்டும் என்றார். எழும்பவில்லை. ரிங்கை மாற்றினார். எழும்பியது. "இப்போ கம்ப்ரஷன் இருக்கு." கிணற்றுமேட்டில் இன்ஜின் சரியாகக் கிளம்பாத நாளில் மெக்கானிக் சொல்கிற அதே வார்த்தை. அங்கேயும் சிலிண்டருக்குள் கொஞ்சம் எண்ணெய் விட்டு ரிங்கை நனைத்துவிட்டுத்தான் மறுபடி சுற்றுவார்.

கணக்கு சுவாரஸ்யமானது. புனே வெயிலில் 30 டிகிரியில் இருக்கும் காற்றை இருபதில் ஒரு பங்காக நசுக்கினால், வெப்பம் வெளியே தப்பாதவரை, அது 700 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். மெதுவாக அமுக்கினால் ஒன்றும் நடக்காது. சூடு அவ்வளவும் பித்தளைச் சுவரில் கரைந்துபோகும். அடி விழ வேண்டும். கடைசிக் கணத்தில் உள்ளே இருக்கும் அழுத்தம் கிட்டத்தட்ட ஐம்பது கிலோ எடை உள்ளங்கையைத் தள்ளுவது மாதிரி. ஆகவே குழாயை மேஜையில் நட்டு, குமிழை உள்ளங்கையால் ஓங்கி அடிக்க வேண்டியிருக்கிறது. ஆனால் இவ்வளவு ஆர்ப்பாட்டத்துக்கும் உள்ளே சேரும் வெப்பம் நாலு ஜூல்கூட இல்லை. ஒரு தீக்குச்சி முழுதாக எரிந்தால் ஆயிரம் ஜூல் கொடுக்கும். உஷ்ணம் அபாரம், சரக்கு சொற்பம். அதனால் குழியில் என்ன வைக்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. அதை இணையத்தில் வாங்குகிற பளபளப்புக் கருவிகளோடு யாரும் சொல்லித் தருவதில்லை.

சாதாரணப் பஞ்சை வைத்தால் ஒரு கணம் மின்னி அணைந்துவிடும். கரியாக்கிய துணி வேண்டும். பழைய எட்டுமுழத்தில் ஒரு துண்டு கிழித்து, மூடியில் ஆணித்துளை போட்ட தகர டப்பாவில் அடைத்து, சன்னமான தீயில் வைத்தால் துளை வழியாகப் புகை வரும். புகை நின்றதும் இறக்கிவிடலாம். ஆறுவதற்குள் அவசரப்பட்டுத் திறந்தால் காற்றுப் பட்டு மொத்தமும் கனன்று சாம்பலாகிவிடும். பருத்தி மட்டும்தான் ஆகும். பாலியஸ்டர் கலந்த வேட்டி உருகி டப்பாவில் ஒட்டிக்கொள்ளும், வீடெல்லாம் நாறும். தென்கிழக்கு ஆசியாவில் பனை வகைகளின் மட்டை அடியில் திரளும் பஞ்சு போன்ற துகளைப் பயன்படுத்தினார்கள். அவற்றில் ஒன்று நம் கூந்தற்பனையின் இனம். புனே ஹவுசிங் சொசைட்டிகளில் அழகுக்கு நட்டிருக்கும் அதே மரம். வாட்ச்மேன் பார்த்துக்கொண்டிருக்கும்போது மட்டையைச் சுரண்டுவதற்குக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும்.

கங்கு பிடித்ததும் தண்டை உடனே இழுத்துவிட வேண்டும். உள்ளே இருப்பது ஒரு கனசென்டிமீட்டர் சொச்சம் ஆக்சிஜன், நொடியில் தீர்ந்துவிடும். வெளியே வந்த கங்கை ஊதி, தேங்காய் நாரில் வைத்து, மறுபடி ஊத வேண்டும். அப்போதுதான் அது தீ. அதுவரை வெறும் சிவப்புப் புள்ளி.

மழைக்காலத்தில் ராஜ்கட், தோர்ணா மலைக்கோட்டைகளில் ஏறுகிறவர்கள் வத்திப்பெட்டி நமுத்துப்போகும் கஷ்டத்தைச் சொல்வார்கள். தீப்பிஸ்டன் நனைந்தால் துடைத்தால் போதும். கரித்துணி மட்டும் ஈரத்தை இழுக்கும், அதை மருந்துச் சீசாவில் அடைத்து வைக்க வேண்டும். அந்த உயரம் ஒரு பொருட்டில்லை. காற்று மெலிந்தாலும் விகிதம் அதேதான், உஷ்ணமும் ஏறக்குறைய அதேதான். ஆனால் எங்கே மூட்டுவது? பிப்ரவரியிலிருந்து மே வரை புனேயைச் சுற்றியுள்ள குன்றுகளில் புல் எரிவது வருஷா வருஷம் நடக்கிறது. காப்புக்காட்டில் நெருப்பு மூட்டுவதை 1927 வனச் சட்டம் குற்றமென்றே சொல்கிறது. பழங்காலத்து வித்தையைக் கற்றுக்கொண்டேன் என்று காட்டுக்குள் போய்க் கங்கு ஊதுகிறவர்கள்மேல் எனக்குக் கொஞ்சமும் அனுதாபம் இல்லை. பால்கனியில் ஒரு அகல் விளக்கு ஏற்றிக்கொள்ளலாம், கும்மட்டி இருந்தால் மூட்டலாம். சமையலறைக்கு இரண்டு ரூபாய் வத்திப்பெட்டியே மேல். சிவகாசிக்கும் கோவில்பட்டிக்கும் இதனால் ஒரு ஆபத்தும் வராது.

இதன் இடம் பள்ளிக்கூடம். சைக்கிள் வால்வ் டியூபும் தீக்குச்சியும் வைத்து வடிவியல் சொல்லிக் கொடுத்த அரவிந்த் குப்தா, ஐஐடி கான்பூரில் படித்து, இதே புனேயில் டெல்கோவில் வேலை பார்த்தவர். பிறகு புனே பல்கலைக்கழக வளாகத்து அயுகா வானியல் ஆய்வகத்தின் குழந்தைகள் அறிவியல் மையத்தில் பல வருஷம் குப்பையிலிருந்து பொம்மை செய்து காட்டினார். 2018-இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். அந்த வழியில் வந்த வாத்தியார் யாராவது டிவி-1 பக்கத்தில் ஒரு தீப்பிஸ்டனையும் வைத்தால், வைவாவில் பையன்கள் 17.5 என்று சொல்லும்போது அந்த எண்ணுக்கு ஒரு சூடு இருக்கும்.

காகா அதற்குள் இன்னொன்று ஆரம்பித்துவிட்டார். பேத்தியின் பள்ளியில் அறிவியல் கண்காட்சியாம். பித்தளை வேண்டாம், உள்ளே மின்னுவது தெரிய வேண்டும் என்று அக்ரிலிக் கம்பி தேடிக்கொண்டிருக்கிறார். சுவரைத் தடிமனாக விடுங்கள், விரிசல் விட்டால் தூக்கி எறிந்துவிடுங்கள், பிள்ளைக்குக் கண்ணாடி மாட்டிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள் என்றேன். தலையாட்டினார். ஓ-ரிங் மட்டும் பித்தளைக்குப் போட்ட அளவு சரிப்படாது என்று அவர் கட்சி. அக்ரிலிக் சூட்டில் விரியும், அரை சைஸ் குறைக்க வேண்டுமாம். போட்டுப் பார்த்துவிட்டுச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்.