பட்டத்துக்கு ஒரு கணக்கு

தேன்கனிக்கோட்டைப் பக்கத்து வீடுகள் சிலவற்றில் ஒரு வேடிக்கை உண்டு. அடுப்பங்கரையில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ்! மூன்று பாஷை பேசும் பிள்ளைக்கு பி.ஏ. என்ன பிரமாதம் என்று பெற்றோர் நினைத்தால் தப்பில்லை. ஆனால் பட்டம் தங்கிவிட இடமிருப்பதும் அந்தப் பாஷை விஷயத்தில்தான்.

அப்பா காலத்தில் படித்தோம், எழுதினோம், பாஸ் என்று இருந்தது. இப்போது எல்லாம் கிரெடிட் கணக்கு. தமிழகக் கலைக் கல்லூரிகளில் மூன்று வருஷத்துக்குப் பொதுவாக 140 கிரெடிட். பாடங்கள் ஐந்து பகுதி. மொழி, இங்கிலீஷ், முக்கியப் பாடம் ஆகிய முதல் மூன்றையும் பிள்ளைகள் மறப்பதில்லை. சங்கடம் நான்காம் பகுதியில் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் படிக்காமல், கல்லூரியிலும் தெலுங்கோ வேறு மொழியோ எடுத்தவர் இதில் 'அடிப்படைத் தமிழ்' இரண்டு தாள் எழுத வேண்டும். ஆறாம் வகுப்புத் தரந்தான். தமிழ் படித்துவிட்டு வேறு மொழிக்கு மாறியவருக்குச் 'சிறப்புத் தமிழ்'. மற்றவர்களுக்கு வேறு துறைப் பாடம் இரண்டு. இவற்றோடு சுற்றுச்சூழல் கல்வி. இந்த மார்க்குகள் முதல் வகுப்பு, இரண்டாம் வகுப்புக் கணக்கில் சேர்வதில்லை. அதனாலேயே அலட்சியம்! ஆனால் இவை பாஸாகாமல் பட்டம் கிடையாது.

ஒரு பையனை வைத்துக்கொள்வோம். முதல் வருஷத்து அடிப்படைத் தமிழை, "அது கிடக்கட்டும்" என்று தள்ளிக்கொண்டே போகிறான். கடைசி ஏப்ரலில் முக்கியத் தாள்களோடு அதையும் சுமக்கிறான். அது மட்டும் போய்விடுகிறது. ஓசூர்த் தொழிற்சாலையில் வேலைக்குக் கூப்பிட்டாயிற்று, சான்றிதழ் கேட்கிறார்கள். இவனுக்கோ அடுத்த பரீட்சை நவம்பரில்! இரண்டு கிரெடிட்டுக்காக அரை வருஷம் போயிற்று. வீட்டில் அவன் சம்பளத்தை நம்பித் தங்கைக்குக் கல்லூரி பேசியிருந்தால் அதுவும் தள்ளிப்போகும்.

(இந்த அளவைக் கணக்கே அமெரிக்கச் சரக்கு. 1906-ஐ ஒட்டி, கார்னகி நிறுவனத்தின் பேராசிரியர் பென்ஷனில் சேர விரும்பிய கல்லூரிகள், பள்ளிப் படிப்பை மணிக்கணக்கில் அளந்து பார்க்கவேண்டியதாயிற்று. பென்ஷன் வாத்தியாருக்கு, கணக்கு மாணவனுக்கு!)

எல்லை தாண்டிப் பெங்களூரில் சேர்ப்பவர்கள் இன்னும் கொஞ்சம் விழிப்பாக இருக்கவேண்டும். கர்நாடகம் 2021-ல் நான்கு வருஷப் பட்டத்தைக் கொண்டுவந்தது. 2024 மே மாதம் மூன்று வருஷத்துக்கே திரும்பிவிட்டது. பக்கத்து வீட்டு அண்ணன் சொன்ன விதி தம்பிக்குப் பொருந்தாது. சேர்ந்த வருஷத்து விதிப் பிரதியைக் கல்லூரி அலுவலகத்தில் கேட்டு வாங்கி, நோட்டில் ஐந்து பகுதிக்கும் ஐந்து பக்கம் ஒதுக்கி, ஒவ்வொரு முடிவு வந்ததும் வரவு எழுதுவது என் அபிப்பிராயத்தில் போதும். மளிகைக் கணக்கு எழுதும் அம்மாவே இதை எழுதலாம். நான்காம் பகுதியை மட்டும் இரண்டாம் வருஷத்துக்குள் முடித்துவிடச் சொல்லுங்கள்.

தகப்பனார்களுக்கும் ஒரு விண்ணப்பம். மார்க் பட்டியல் வந்ததும், "எத்தனை மார்க்?" என்று கேட்டுவிட்டுப் பேப்பர் படிக்கப் போய்விடாதீர்கள். "எத்தனை கிரெடிட் பாக்கி?" என்றும் கேளுங்கள். பிள்ளை முழிக்கிற முழியிலேயே பாதி விவரம் தெரிந்துவிடும்.