மெலிந்து வரும் மின்கலம்

திருமங்கலத்திலிருந்து தாயார் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். மூத்த மகன் பள்ளியில் பெற்ற மடிக்கணினி, இன்று கல்லூரியில் பயிலும் மகளின் கையில் இருக்கிறது. முன்பு மூன்று மணி நேரம் உழைத்த அது, இப்போது ஒரு மணி நேரத்திற்குள் அணைந்துவிடுகிறதாம். பழுது பார்ப்பவர் புதிதாக ஒன்று வாங்கச் சொல்லிவிட்டார். வீட்டிலோ பருவக் கட்டணத்திற்கே வழி தேட வேண்டியிருக்கிறது. கணினியின் காலம் முடிந்ததா, பரிகாரம் உண்டா என்று கேட்கிறார்.

இது ஒரு வீட்டின் கேள்வி அன்று. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தினால், அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த நம் பிள்ளைகள் இலட்சக்கணக்கில் கணினி பெற்றனர். அவற்றுள் பல, அண்ணனிடமிருந்து தங்கைக்குக் கைமாறி இன்னும் உழைத்து வருகின்றன. அவற்றை அவசரப்பட்டுக் கழித்துக் கட்டுவது நமக்கு உடன்பாடு அன்று.

முதலில் நோய் எதுவென்று அறிய வேண்டும். தண்ணீர் விரைவில் தீர்ந்தால், குடம் சிறுத்துவிட்டதா, குழாய் அகலத் திறந்திருக்கிறதா என்று பார்ப்போம் அன்றோ? இங்கும் அவ்வாறே. விண்டோஸ் உள்ள கணினி, 'பேட்டரி ரிப்போர்ட்' என்ற அறிக்கையைத் தானே தயாரித்துத் தரும். அதற்குரிய கட்டளையைக் கணினி பயிலும் பிள்ளை எவரும் தட்டித் தருவர், காசு செலவில்லை. அதில் இரண்டு எண்களைப் பார்த்தால் போதும். ஒன்று, மின்கலம் புதிதாக இருந்தபோது கொண்ட அளவு. மற்றது, இன்று முழுதும் ஏற்றினால் கொள்ளும் அளவு. முன்னது 50 வாட்-மணி, பின்னது 25 என்றிருந்தால் குடம் பாதியாகிவிட்டது. பின்னது 40-க்கு மேல் இருந்தால் மின்கலத்தின்மீது பெருங்குற்றம் இல்லை. குழாயைத்தான் பார்க்க வேண்டும்.

திரையின் ஒளியைக் குறைத்து, பாடம் படிக்கவும் எழுதவும் மட்டும் பயன்படுத்தினால் சாதாரண மடிக்கணினி ஏறத்தாழ 10 வாட் உண்ணும். ஒளியை முழுதும் ஏற்றி, படமும் ஓட்டி, இணையப் பக்கங்கள் இருபதைத் திறந்து வைத்தால் 25 வாட்டையும் தொடலாம். ஆகவே பாதியாய்த் தேய்ந்த அதே மின்கலம், ஒருவருக்கு இரண்டரை மணி நேரமும் மற்றவருக்கு ஒரு மணி நேரமும் வரும். பின்னணியில் ஓசையின்றி ஓடும் நிரல்களை 'டாஸ்க் மேனேஜர்' காட்டிக் கொடுக்கும், வேண்டாதவற்றை நிறுத்தலாம். நம் பக்கத்துப் புழுதி உள்ளே புகுந்து விசிறியை அடைத்திருந்தால் அதைத் துடைத்தெடுக்கச் செய்யலாம். மெத்தைமீது வைத்துப் பயன்படுத்துவது காற்றுத் துளைகளை மூடிவிடும்.

குடமே சிறுத்ததற்குக் காரணம் என்ன? நம் வீடுகளில் நல்லெண்ணத்தோடு செய்யப்படும் ஒரு காரியமே பல வேளைகளில் காரணமாகிறது. 2012-இல் சென்னைக்கு வெளியே நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்திற்கும் மேல் மின்வெட்டு நிலவியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். அந்நாளில் இன்வெர்ட்டர் வாங்கியவர்கள், பேட்டரி எப்போதும் நிரம்பியிருக்க வேண்டும் என்று கற்றுக்கொண்டோம். அது சரியே, ஈய அமில மின்கலத்தைக் காலியாக விட்டுவைத்தால் அதன் தகடுகளில் உப்புப் படிந்து கெடும். அதே விதியை மடிக்கணினிக்கும் பொருத்தி, இரவும் பகலும் மின்சாரத்திலேயே செருகி வைக்கிறோம்.

மடிக்கணினியில் உள்ளதோ வேறு சாதி. 1991-இல் சோனி நிறுவனம் சந்தைக்குக் கொண்டுவந்த லித்தியம் அயனி மின்கலம் அது. இதற்கு அடிகோலிய குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவர் 2019-இல் வேதியியலுக்கான நோபெல் பரிசைப் பெற்றனர். இதற்குப் பகை இரண்டு: வெப்பமும், நிறைந்தே இருத்தலும். இவ்விரண்டும் சேர்ந்தால், உள்ளே கரிமுனையின்மேல் படியும் மெல்லிய படலம் விரைந்து தடிக்கிறது. மின்னைச் சுமக்க வேண்டிய லித்தியம் அதில் சிறைப்படுகிறது. 40 பாகை வெப்பத்தில் முழுதும் ஏற்றப்பட்ட நிலையில் ஓராண்டு வைத்தால், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கொள்ளளவு போய்விடும். அதே வெப்பத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஏற்றி வைத்தால் இழப்பு ஏறத்தாழ 15 விழுக்காடுதான். மதுரைச் சமவெளியின் சித்திரை வெயிலில், தகரக் கூரையின்கீழ், செருகியபடியே கிடக்கும் கணினியின் கதியை எண்ணிப் பாருங்கள்.

ஆகவே 80 விழுக்காடு ஏறியதும் நிறுத்திவிடுங்கள். தானே நிறுத்திக்கொள்ளும் வசதி இக்காலக் கணினிகள் பலவற்றில் உண்டு. முழு ஏற்றம் பயணத்திற்கும் தேர்வு நாளுக்கும் இருக்கட்டும். கோடை விடுமுறையில் பாதி ஏற்றி, குளிர்ந்த இடத்தில் வையுங்கள். முழுதும் தீர்த்துவிட்டே ஏற்ற வேண்டும் என்று சிலர் கூறுவது, பழைய நிக்கல்-காட்மியம் மின்கலத்தின் பழக்கம். லித்தியத்திற்கு அது நன்மை செய்யாது. ஆனால் 30 விழுக்காடு என்று காட்டிக்கொண்டே திடீரென அணைந்தால், அளவுமானி பிசகியிருக்கலாம். ஒருமுறை முழுதும் ஏற்றி, 10 விழுக்காட்டிற்கு இறக்கி, மீண்டும் முழுதும் ஏற்றினால் பெரும்பாலும் திருந்தும். திருந்தாவிடில் உள்ளே ஓர் அறை நலிந்துவிட்டது என்று கொள்ளலாம்.

தேய்ந்த மின்கலத்தை மீண்டும் இளமையாக்கும் வித்தை எதுவும் கிடையாது. அப்படிக் கூறி விற்பவரை நம்ப வேண்டாம். எனினும் மின்கலத்தை மட்டும் மாற்ற இயலும்; அதன் விலை புதுக் கணினியின் விலையில் சிறு பங்கே. பழைய கணினிகள் பலவற்றில் அடிப்புறத் தாழ்ப்பாளை நகர்த்தினால் அது கழன்று வரும். அதிலுள்ள எண்ணையும் வோல்ட் அளவையும் குறித்துக்கொண்டு, அதற்கு ஒத்ததையே வாங்க வேண்டும். ஐ.எஸ். 16046 என்ற தர எண் இருக்கிறதா, உற்பத்தியான தேதி அண்மையதா என்று பாருங்கள்; அலமாரியில் கிடந்தாலும் மின்கலம் மூப்படையும். அதுவரை மின்சாரத்தில் செருகியே படிக்கலாம். எழுதியதை அடிக்கடி சேமித்துக்கொண்டால் மின்வெட்டினால் நட்டமில்லை.

மின்கலம் உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காதீர்கள். கணினியின் அடிப்புறம் மேசையில் படியாமல் ஆடினாலோ, விசைப்பலகை மேடாகத் தோன்றினாலோ, உடனே அணைத்து மின்னேற்றத்தை நிறுத்துங்கள். அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பற்றும். குப்பைத் தொட்டியிலும் எறியக் கூடாது. 2022-ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள், பழையவற்றைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்மீது வைத்துள்ளன. புதியதை வாங்கும்போது, பழையதைச் சேர்க்க வேண்டிய இடத்தையும் கடைக்காரரிடமே கேட்டுப் பெறுங்கள்.