தேய்ந்த சங்கிலி



சென்ற மாதம் நோர்வூட் பக்கத்துத் தோட்டமொன்றில், ஒரு பழைய நங்கூரச் சங்கிலிக்காக அரை நாள் லயத்து வாசலில் உட்கார்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தபோது இரும்பைப் பற்றி எவரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

அந்த அக்காவின் பெற்றோர் 1977 கலவரத்தில் மலையகத்தை விட்டு வன்னிக்குப் போனவர்கள். அவர் அங்கே பிறந்து, முல்லைத்தீவில் கடற்றொழில் செய்த ஒருவரை மணந்தார். 2009இல் கணவர் காணாமற் போனார், படகும் போனது. பின்னர் கரைக்குப் போக விட்டபோது மணலுக்குள் சங்கிலி மட்டும் கிடந்தது. நுனியிலிருந்த ஷெக்கிளில் கணவர் சுற்றிய கம்பியைக் கண்டே தங்களுடையது என்று அறிந்தாராம். உரப்பையில் கட்டி, பஸ் மாறி மாறி, சின்னம்மாவின் லயத்துக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

இப்போது மகனுக்கு இருபது வயது. காசல்ரீ நீர்த்தேக்கத்தில் அக்கரைப் பெண்களையும் பிள்ளைகளையும் ஏற்றிவரும் படகொன்றில் வேலை செய்கிறான். அந்தப் படகுக்குச் சங்கிலியைக் கேட்கிறான். பழைய இரும்புக்காரரும் கேட்கிறார். “விக்கவும் மனசில்ல, குடுக்கவும் பயமா இருக்கு மிஸ்” என்றார் அக்கா.

அந்தப் பயம் நியாயமானது. தென்மேல் பருவக் காற்றில் சங்கிலி அறுந்தால் படகு பிள்ளைகளோடு இழுபட்டுப் போகும். எனக்குத் தெரியாததால் தேயிலை பெக்டரி பிட்டர் ஐயாவை அழைத்துவந்தேன். அவர் துருவைச் சுத்தியலால் தட்டி உதிர்த்தார். அக்கா அடுப்பில் போட்டு எரித்துத் துரு எடுக்க நினைத்திருந்தார். ஐயா பதறித் தடுத்தார். இது துத்தநாகம் பூசிய சங்கிலி. சூடேறினால் வரும் புகையைச் சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் போல வரும்.

பிறகு வேர்னியரால் அளந்தார். வளையத்தின் வெளிப்பக்கம் பார்த்தால் ஏமாந்துவிடுவோம். ஒன்றோடொன்று உரசும் உள்வளைவில்தான் தேய்மானம். 10 மில்லிமீற்றர் சங்கிலி அந்த இடத்தில் 9க்குக் கீழே இறங்கிவிட்டால் நங்கூரத்துக்கு நம்பக் கூடாது. நங்கூரத்தோடு சேரும் பக்கம் மண்ணில் இழுபடுவதால் முதலில் தேயும். அதனால்தான் தொழிலாளர் சங்கிலியை இடைக்கிடை தலைமாற்றிக் கட்டுவார்கள். இங்கே எட்டு மீற்றரில் ஒரு பாதி 8 மில்லிமீற்றருக்கு வந்திருந்தது. மறுபாதி நன்றாக இருந்தது.

வெட்டச் சொன்னபோது அக்கா உள்ளே போய்விட்டார். நாங்களும் அவசரப்படுத்தவில்லை. தேத்தண்ணியோடு திரும்பி வந்து, “வெட்டுங்க” என்றார்.

நல்ல பாதியில் பழைய ஷெக்கிளையே மாட்டினார்கள். அதன் ஆணி கழன்றுவிடாமல் கட்டத்தான் அந்தக் கம்பியாம். “கட்டினவருக்குத் தொழில் தெரிஞ்சிருக்கு” என்றார் பிட்டர் ஐயா. அக்கா அந்தத் துருக்கம்பியைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டார். மகன் புதுக்கம்பி சுற்றினான். படகுக்காரரிடம் உயிர்காப்பு அங்கிகளையும் கேட்டிருக்கிறேன், இன்னும் வந்தபாடில்லை.

தேய்ந்த பாதியை நீரில் வீசினால் வலை சிக்கும். ஊஞ்சலுக்கோ பாரம் தூக்கவோ கட்டவே கூடாது. படலைக்குப் பூட்டுச் சங்கிலியாக, கூடாரத் துணி பறக்காமல் பாரமாக வைக்கலாம். அக்காவுக்குப் பணம் தேவை, விற்க முடிவு செய்தார்.

வன்னியில் பழைய இரும்பு பொறுக்கும் சகோதரிகளுக்கு இந்த இடத்தில் ஒன்று சொல்லியாக வேண்டும். மண்ணில் பாதி புதைந்த, இன்னதென்று தெரியாத இரும்பை இழுக்காதீர்கள், தட்டாதீர்கள். இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை உடன்படிக்கையில் சேர்ந்தது. ஆனாலும் அகற்றும் வேலை ஓயவில்லை. அந்த வேலையில் நம் பெண்களே பலர் இருக்கிறார்கள். கண்டால் அவர்களுக்கோ பொலிஸுக்கோ அறிவியுங்கள்.

வெள்ளிக்கிழமை இரும்புக்காரர் வந்தார். தராசைத் தூக்கி “ஆறு கிலோ” என்றார். புதுச்சங்கிலி மீற்றருக்கு இரண்டேகால் கிலோ வரை வரும் என்று பிட்டர் ஐயா சொல்லியிருந்தார். தேய்ந்தது போக நாலு மீற்றருக்கு ஏழரை, எட்டாவது இருக்க வேண்டும். அக்கா கைகட்டி நின்று சொன்னார்: “இன்னொரு தடவ நிறுத்துப் பாருங்க அண்ணே.”