வாத்தியாரின் இரு வாரிசுகள்

தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளைப் பற்றிப் பேச நேரும்போதெல்லாம், வள்ளி திருமணத்தையும் பவளக்கொடியையும் சத்தியவான் சாவித்திரியையும் இயற்றிய ஆசிரியர் என்று சொல்லி மாலை சூட்டிவிட்டுக் கலைவது நமக்கு வழக்கமாகிவிட்டது. அச்சில் ஏறிய பாட்டையும் வசனத்தையும் மதிப்பிடுவது எளிது. பிறர் உடலிலும் குரலிலும் ஒரு மனிதர் செய்துவைத்த வேலையை மதிப்பிடுவதுதான் அரிது. மேடையில் தாம் நடிப்பதை விட்டுவிட்டு நடிகர்களை ஆக்கும் பணியில் ஆயுளைச் செலவிட்ட அந்த ‘வாத்தியாரை’க் குறித்து இவ்விதழில் சிறிது சிந்திக்க விரும்புகிறோம்.

தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் 1867இல் பிறந்து, வண்ணச்சரபம் தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் கற்று, உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர், இருபத்து நான்காம் வயதில் நாடகத்துக்கு வந்தார். இரணியன், இராவணன், எமதருமன், சனீசுவரன் என உக்கிரமான பாத்திரங்களே அவருக்கு வாய்த்தன. அவருடைய எம வேடத்தைக் கண்ட கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்ததென்றும், அந்தத் துக்கத்தினாலேயே வேடம் புனைவதைத் துறந்தாரென்றும் நாடக உலகில் ஒரு கர்ண பரம்பரைக் கதை உண்டு. கதை மெய்யோ அன்றோ, அவர் அரங்கை அடியோடு துறக்கவில்லை என்பது மெய். சூத்திரதாரியாக நின்றார், சிலகாலம் துறவுக் கோலத்தில் தலங்களைச் சுற்றினார், லய வித்துவான் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளையின் அன்புக்குப் பாத்திரமாகி, லய நுட்பங்களில் தோய்ந்தார், அதன் பின்னர் ஆசிரியராகவே அரங்குக்குத் திரும்பினார்.

அவர் திரும்பிவந்த அரங்கு ஒழுங்கு குலைந்து கிடந்தது. வயதுவந்த நடிகர்களில் பலர், சாரீர வன்மை ஒன்றையே நம்பி, கதையின் போக்கைப் பொருட்படுத்தாமல் ஒருவரை ஒருவர் பாட்டிலும் தர்க்கத்திலும் மடக்குவதையே வித்துவத்துவம் என்று எண்ணியிருந்தனர். இதற்குப் பரிகாரமாகத்தான் சுவாமிகள் சிறுவர்களை நாடினார். 1910இல் தோன்றிய சமரச சன்மார்க்க நாடக சபையும், 1918இல் மதுரையில் நிறுவப்பட்ட தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையும் இந்தச் சங்கற்பத்தின் விளைவுகளே. முன்னதில் பாடக நடிகர் எஸ். ஜி. கிட்டப்பா பயின்றார். பின்னதில் ஆறு வயதுப் பாலகனாக டி. கே. சண்முகம் தம் தமையன்மாருடன் சேர்ந்தார். கம்பெனி வீடே பள்ளிக்கூடம். வாத்தியார் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் பாடம் செய்ய வேண்டும். சண்முகத்துக்காக அபிமன்யு சுந்தரியை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பதை நாம் அவருடைய கவித்துவத்துக்குச் சான்றாக மட்டுமே சொல்லி வருகிறோம். எந்தப் பிள்ளையின் குரல் எந்த ஸ்தாயியில் நிற்கும், எந்தப் பிள்ளையால் எத்தனை அடி மூச்சு விடாமல் பேச முடியும் என்று அறிந்த பயிற்சியாளர் ஒருவருக்கல்லாமல் அந்த வேகம் கைகூடாது.

இவ்வேற்பாட்டின் கடுமையையும் மறைக்கலாகாது. தாய் தந்தையரைப் பிரிந்து ஊர் ஊராக அலைந்த பிள்ளைகள், மகரக்கட்டு உடைந்து குரல் மாறிய நாளில், நேற்றுவரை தாங்கிய ராஜபார்ட்டையும் ஸ்திரீபார்ட்டையும் இழந்து நின்றதும் அதே கம்பெனிகளில்தான்.

பட்சவாதத்தினால் பேச்சிழந்து, 1922 நவம்பர் 13இல் புதுச்சேரியில் சுவாமிகள் காலமானார். அவர் வழிவந்த சண்முகமும் உடன்பிறந்தாரும், டி. கே. எஸ். சகோதரர்கள் என்ற பெயரில், 1925இல் தமக்கென்று சபை கண்டு, குருவின் கட்டுப்பாட்டைப் புதிய நாடகங்களுக்கும் கொண்டு சென்றனர். ஆயினும் சினிமாவின் வளர்ச்சியில், சிறுவர்களைக் கொண்ட இத்தகைய பாய்ஸ் கம்பெனிகள் ஒவ்வொன்றாக மறைந்தன. மறையாமல் நின்றது எது? அவர் எந்தச் சுதந்திரத்துக்கு அஞ்சிச் சிறுவர்களைத் திரட்டினாரோ, அந்தச் சுதந்திரத்தையே உயிராகக் கொண்ட ஸ்பெஷல் நாடகம்! இன்றும் மதுரை, புதுக்கோட்டைச் சீமைகளின் கோயில் திருவிழாக்களில், வெவ்வேறு ஊர்களிலிருந்து தனித்தனியே வந்து இறங்கும் நடிகர்கள், ஒத்திகை என்பதே இல்லாமல், இரவு முழுதும் வள்ளி திருமணம் ஆடி முடிக்கிறார்கள். நாரதரும் வள்ளியும் தர்க்கத்தை எவ்வளவு தூரம் வளர்த்தாலும், எந்த இடத்தில் பாட்டெடுத்து எங்கே வந்து சேர வேண்டும் என்பதில் இருவருக்கும் ஐயமில்லை; ஹார்மோனியக்காரருக்கும் இல்லை. தாம் கண்டித்தவர்களின் சந்ததிக்கே அவர் குருவானார். ஆண்டுதோறும் குருபூசை செய்கிறவர்களும் அவர்களே.

இதை விதியின் பரிகாசம் என்று நாம் கருதவில்லை. வேடம் கட்டி ஆடிய ஒருவர் எழுதிய பாடமாதலின், நடிகன் எங்கே அடங்குவான், எங்கே திமிறுவான் என்ற அறிவு அதன் அமைப்பிலேயே கலந்திருக்கிறது. ஆசிரியர் அருகில் இல்லாதபோதும் அப்பாடம் நடிகர்களை இயக்குகிறது. ஆனால், அச்சுப் பிரதிகளைப் புரட்டுகிறவருக்கு இந்த அறிவில் பாதியும் புலப்படாது. மெட்டின் எடுப்பும், தர்க்கத்தின் திருப்பமும், பின்பாட்டுக்கு விடும் இடமும் முதிய நடிகர்களின் நினைவில் மட்டுமே இருக்கின்றன. பல்கலைக்கழகங்களும் நாடகத் துறைகளும் அவர்களைத் தேடிச் சென்று, மேடை வழக்கோடு கூடிய பாடங்களைப் பதிவு செய்து பதிப்பிக்க வேண்டும். விழா எடுப்பதைப் பிற்பாடு வைத்துக்கொள்ளலாம். இந்த வேலை அந்த நடிகர்கள் இருக்கும்போதே நடந்தாக வேண்டியது.