மலை ஏறும் முன்னே இலைக்குச் சொல்லி வைக்கலாமா?

"அப்பா, பசிக்குது!"

திருத்தணி மலையில் இந்தக் குரல் கேட்காத நாள் கிடையாது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள். சென்னையிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டார்கள். மின்சார ரெயிலில் வந்து இறங்கினார்கள். சரவணப் பொய்கையில் கால் நனைத்தார்கள். 365 படிகளையும் ஏறினார்கள். முருகனைக் கும்பிட்டார்கள். மனம் நிறைந்துவிட்டது. ஆனால் வயிறு?

கீழே இறங்கி வரும்போது மணி இரண்டரை. ஓட்டல் வாசலில் கூட்டம். உள்ளே ஒருவர் சாப்பிட்டு எழுந்தால், அந்த நாற்காலியைப் பிடிக்க மூன்று பேர் நிற்கிறார்கள். பாட்டிக்குச் சர்க்கரை வியாதி. நேரத்துக்குச் சாப்பிடாவிட்டால் தலை சுற்றும். சின்னவன் அழ ஆரம்பித்துவிட்டான்.

"நேற்றே ஒரு போன் செய்து ஐந்து இலைக்குச் சொல்லி வைத்திருக்கலாமே!" என்கிறாள் அம்மா.

அம்மா சொல்வது சரியா? புனித யாத்திரைக்குப் போகிறவர்கள் சாப்பாட்டுக்கும் முன்பதிவு செய்ய வேண்டுமா? இன்று பல வீடுகளில் எழும் கேள்வி இது. இதைக் கொஞ்சம் நிதானமாக அலசிப் பார்ப்போம்.

எல்லாவற்றுக்கும் டிக்கெட்!

இப்போது எதைத்தான் முன்கூட்டிப் பதிவு செய்யவில்லை? ரெயிலுக்குப் பதிவு. பஸ்சுக்குப் பதிவு. சினிமாவுக்குப் பதிவு. திருமலைக்குப் போனால் 300 ரூபாய் தரிசன டிக்கெட்டை வீட்டிலிருந்தே எடுக்கலாம். கோயில் தங்கும் விடுதிகளில் அறைகூட செல்போனிலேயே கிடைக்கிறது. நெடுந்தூர ரெயிலில் போகிறவர்கள், வழியில் வரும் ஸ்டேஷனில் தங்கள் இருக்கைக்கே சாப்பாடு வரும்படி சொல்லி வைக்கிறார்கள்.

ஆகவே, "ஓட்டல் மேசைக்கும் பதிவு செய்தால் என்ன?" என்று தோன்றுவது இயல்புதான்.

அமெரிக்காவில் என்ன வழக்கம்?

இந்த வழக்கம் முற்றிப்போன இடம் ஒன்று உண்டு. அது அமெரிக்காவின் டிஸ்னி பூங்கா. வால்ட் டிஸ்னி 1955-ல் கலிபோர்னியாவில் முதல் பூங்காவைத் திறந்தார். 1971-ல் புளோரிடாவில் அதைவிடப் பெரிய பூங்கா திறக்கப்பட்டது. ராட்டினம், ரெயில், கோட்டை, பொம்மை என்று அது ஒரு தனி உலகம்.

அந்தப் புளோரிடா பூங்காவின் உள்ளே உட்கார்ந்து சாப்பிடும் ஓட்டல்களில் 60 நாட்களுக்கு முன்பே இடம் பிடிக்கலாம். பேர் பெற்ற ஓட்டல்களில் இடம் வேண்டும் என்றால் அந்த 60-வது நாள் காலையிலேயே கண் விழித்துக் காத்திருக்கிறார்கள்! சொல்லி வைத்துவிட்டு வராமல் போனால் பல ஓட்டல்களில் தலைக்கு 10 டாலர் பிடித்துக்கொள்கிறார்கள்.

இரண்டு மாதம் கழித்து, இன்ன தேதியில், இன்ன மணிக்குத் தனக்குப் பசிக்கும் என்று ஒருவன் இன்றே முடிவு செய்ய வேண்டும்! நமக்கு இது வேடிக்கையாக இருக்கிறது. ஆனால் அங்கே அதற்குக் காரணம் உண்டு. ராட்டினமும் அவர்களுடையது, ஓட்டலும் அவர்களுடையது. உள்ளே போனவர்கள் சாப்பாட்டுக்காக வெளியே வந்து திரும்புவது பெரும் பாடு. வருகிறவர்கள் ஏராளம். உட்கார்ந்து சாப்பிடும் மேசைகளோ குறைவு. அதனால் பதிவு இல்லாமல் காரியம் நடக்காது.

திருத்தணி வேறு

திருத்தணி அப்படிப்பட்ட ஊர் அல்ல. முருகனின் அறுபடை வீடுகளில் ஒன்று. ஆந்திர எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு காலத்தில் ஆந்திராவின் சித்தூர் மாவட்டத்தில் இருந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-ந் தேதி சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. இன்றும் கடைத்தெருவில் தமிழும் தெலுங்கும் கலந்தே ஒலிக்கின்றன. நகரி, புத்தூர், திருப்பதிப் பக்கத்திலிருந்து வருகிறவர்களும் ஏராளம்.

இங்கே மலைக்கு ஒரு நிர்வாகம். ஓட்டல்களுக்கு வெவ்வேறு முதலாளிகள். ஒரு கடையில் கூட்டம் என்றால் அடுத்த கடைக்கு நடக்கலாம். டிபன் கடை உண்டு, மெஸ் உண்டு, தள்ளுவண்டி உண்டு. சாதாரண நாளில் காலாற நடந்தால் சாப்பாடு கிடைக்காமல் போகாது.

இன்னொரு பெரிய வேறுபாடு உண்டு. மலை ஏறியவர் எத்தனை மணிக்குக் கீழே வருவார்? அது அவருக்கே தெரியாது! தரிசன வரிசை எவ்வளவு நீளம் என்பதைப் பொறுத்தது அது. செவ்வாய்க்கிழமை ஒரு மாதிரி, புதன்கிழமை ஒரு மாதிரி. கிருத்திகை என்றால் கேட்கவே வேண்டாம்.

மேசையைப் பிடித்து வைக்கலாம். நேரத்தைப் பிடித்து வைக்க முடியுமா? "ஒரு மணிக்கு வருகிறோம்" என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்கு இறங்கினால் அந்தப் பதிவால் என்ன பயன்? அது மட்டுமா? சாப்பாட்டு மணியை நினைத்துக்கொண்டே சன்னதியில் நின்றால், கும்பிடப் போன மனமும் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருக்கும்.

கடைக்காரர் கணக்கு

கடைக்காரர் பக்கமும் பார்க்க வேண்டும். சிறிய மெஸ்சில் நாற்பது பேர் உட்காரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பத்து இடத்தை ஒரு குடும்பத்துக்காக ஒதுக்கி வைக்கிறார். அவர்கள் ஒரு மணி நேரம் தாமதமாக வருகிறார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் அதே பத்து இடத்தில் இருபது பேரோ முப்பது பேரோ சாப்பிட்டிருப்பார்கள். அந்த நஷ்டத்தை யார் கொடுப்பது? அதனால்தான் பல சிறு கடைகளில் சில்லறைப் பதிவை ஏற்பதில்லை. முன்பணம் கேட்டால் அதிலும் தப்பில்லை.

அதே நேரத்தில் வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பாருங்கள். காவடி தூக்கி நடந்து வந்தவர். கைக்குழந்தையோடு பஸ்சில் வந்த தாய். அவர்களிடம் பதிவுச் சீட்டு இல்லை. உள்ளே பத்து நாற்காலி காலியாக இருக்கிறது. "அது ரிசர்வ் ஆகிவிட்டது" என்கிறார்கள். பசியோடு நிற்கிறவர் காலி நாற்காலியைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும்! செல்போனில் பதிவு செய்யத் தெரிந்தவருக்கு முதல் பந்தி, தெரியாதவருக்குக் கடைசிப் பந்தி என்று ஆகிவிடக்கூடாது. இந்த விஷயத்தில் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான்.

சத்திரத்தில் யார் பதிவு செய்தார்கள்?

நம் நாட்டில் யாத்திரிகருக்குச் சோறு போடுவது பழைய வழக்கம். ராமேசுவரம் போகும் பாதையில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரத்தை இரண்டாம் சரபோஜி 1802-ல் அமைத்தார். அங்கே போனவர்கள் முன்கூட்டி ஆள் அனுப்பவில்லை. வந்தார்கள், சாப்பிட்டார்கள், நடந்தார்கள்.

அந்த வழக்கம் இன்னும் சாகவில்லை. தமிழ்நாட்டுக் கோயில்களில் அன்னதானத் திட்டத்தை 2002-ல் அப்போதைய முதல்-அமைச்சர் ஜெயலலிதா தொடங்கி வைத்தார். அது மதிய வேளைச் சாப்பாடு. இத்தனை பேருக்கு என்று கோயிலுக்குக் கோயில் ஒரு கணக்கு உண்டு. கணக்கு இருந்தால் டோக்கன் வரும். டோக்கன் வந்தால் முந்திக்கொள்ளும் போட்டி வரும்.

2012-ல் ஸ்ரீரங்கத்திலும் பழனியிலும் நாள் முழுவதும் அன்னதானம் வந்தது. 2021 செப்டம்பர் 16-ந் தேதி முதல்-அமைச்சர் மு.க.ஸ்டாலின் அந்தத் திட்டத்தை மேலும் மூன்று கோயில்களில் தொடங்கி வைத்தார். சமயபுரம், திருச்செந்தூர், திருத்தணி ஆகியவை அந்த மூன்று. காலை 8 மணி முதல் இரவு 10 மணி வரை சாப்பாடு என்பது ஏற்பாடு.

இதில் உள்ள நுட்பத்தைக் கவனியுங்கள். ஒரே மணிக்கு ஒரே பந்தி என்றால் எல்லோரும் ஒரே நேரத்தில் வந்து நெருக்குவார்கள். காலை முதல் இரவு வரை பந்தி என்றால் கூட்டம் தானாகவே பிரிந்துவிடும். தரிசனம் முடிந்தவர் முடிந்தபோது வருவார். மேசையைப் பதிவு செய்வதைவிட அடுப்பை அணைக்காமல் வைத்திருப்பது யாத்திரை ஊருக்குப் பொருத்தமான வழி!

பக்கத்துத் திருமலையிலும் இதே கதைதான். தரிசனத்துக்கு நேரம் குறித்த டிக்கெட் உண்டு. ஆனால் 1985-ல் என்.டி.ராமராவ் காலத்தில் தொடங்கிய நித்ய அன்னதானத்துக்குப் பதிவு கிடையாது. வெங்கமாம்பா அன்னப் பிரசாதக் கூடத்தில் வரிசையில் நின்றால் இலை விழும்.

அப்படியானால் பதிவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. வேண்டிய இடத்தில் வேண்டும்.

கூட்டமாகப் போகிறவர்கள் கட்டாயம் சொல்லி வைக்க வேண்டும். ஐம்பது பேர் ஒரு வேனிலும் பஸ்சிலும் வந்து இறங்கி, "உடனே சாப்பாடு போடு" என்றால் எந்தக் கடையும் திணறிப்போகும். முதல் நாளே போன் செய்து, இத்தனை இலை என்று சொல்லி, முன்பணம் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். தாமதமானால் வழியிலேயே ஒரு போன் செய்யுங்கள். அது மரியாதை. கடைக்காரர் அந்த இடத்தை மற்றவருக்குக் கொடுக்கலாம் அல்லவா?

தங்கும் அறைக்குப் பதிவு செய்வது நல்லது. ஆடிக் கிருத்திகைக்குப் புஷ்பக் காவடிகள் வந்து குவியும். அதையொட்டிச் சரவணப் பொய்கையில் தெப்பம் நடக்கும். டிசம்பர் 31-ந் தேதி படித் திருவிழா. படிக்குப் படி கற்பூரம் ஏற்றிப் பாடிக்கொண்டு ஏறுவார்கள். இந்த நாட்களில் கடைசி நேரத்தில் அறை தேடினால் கிடைக்காது. சோறு இல்லாமல் இரண்டு மணி நேரம் பொறுக்கலாம். பாட்டியையும் குழந்தையையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் தெருவில் நிற்க முடியுமா?

திருத்தணியும் திருமலையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்கள் இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். திருமலை டிக்கெட்டில் நேரம் அச்சடித்திருக்கும். ஆகவே திருத்தணியில் காலை டிபனை முடித்துக்கொண்டு கிளம்பிவிடுங்கள். மதியச் சாப்பாட்டுக்குக் காத்திருந்து, அந்த நேரத்தைக் கோட்டை விட வேண்டாம்.

ஏமாறாதீர்கள்!

பதிவு என்ற பெயரில் ஏமாற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். போலி இணையதளங்களைப் பற்றித் திருமலை தேவஸ்தானம் பல முறை எச்சரித்திருக்கிறது. கோயில் அறை என்றால் அறநிலையத்துறையின் இணையதளத்திலோ கோயில் அலுவலகத்திலோ மட்டும் பதிவு செய்யுங்கள். யாரோ அனுப்பிய எண்ணுக்குப் பணத்தை அனுப்பிவிட்டு, பிறகு மலையடிவாரத்தில் நின்று தலையில் கை வைக்காதீர்கள். படிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டில் இருந்தால், பணம் கட்டும் முன்னே ஒரு தரம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.

பாட்டி கட்டிய மூட்டை

சிறிய குடும்பத்துக்கு எல்லாவற்றையும்விட நல்ல முன்பதிவு ஒன்று உண்டு. அதற்குப் போனும் வேண்டாம், முன்பணமும் வேண்டாம். அதுதான் கட்டுச்சோறு!

புளியோதரை, எலுமிச்சை சாதம், மிளகாய்ப்பொடி தடவிய இட்லி. காலையில் கட்டினால் மதியம் வரை தாங்கும். வெயில் காலத்தில் தயிர் சாதம் புளித்துவிடும், தேங்காய்ச் சட்னி கெட்டுப்போகும், அவற்றைத் தவிர்ப்பது நல்லது. தண்ணீர்ப் புட்டி, குழந்தைக்குப் பிஸ்கட், சர்க்கரை வியாதிக்காரருக்கு மாத்திரையும் கொஞ்சம் ஆகாரமும் கைப்பையிலேயே இருக்கட்டும். வரிசை எவ்வளவு நீண்டாலும் பயம் இல்லை. சாப்பிட்ட இலையையும் காகிதத்தையும் மலையில் போடாமல் குப்பைத் தொட்டியில் போடுங்கள்.

ஆக, முடிவு இதுதான். சின்னக் குடும்பமா? மேசைப் பதிவு வேண்டாம், கட்டுச்சோறு போதும், இல்லாவிட்டால் அன்னதானக் கூடம் இருக்கிறது. பெரிய கூட்டமா? முதல் நாளே சொல்லுங்கள். திருவிழாவா? அறையைப் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள்.

கடைசியாக ஒரு வார்த்தை. கோயிலில் இன்னொரு விதமான முன்பதிவும் இருக்கிறது. பிள்ளையின் பிறந்தநாளுக்கோ, காலமான பெரியவரின் நினைவு நாளுக்கோ அன்னதானத்துக்குப் பணம் கட்டலாம். கோயிலில் ரசீது கொடுப்பார்கள். முடிந்தவர்கள் முடிந்ததைக் கட்டலாம்.

அன்றைக்கு மலை இறங்கி வரும் யாரோ ஒரு சின்னப் பையன், "அப்பா, பசிக்குது" என்பான். அவனுக்கு இலை தயாராக இருக்கும்.