10 மீன் சாப்பாடு, 14 பேருக்கு ‘உறுதி’!

ஏப்ரல் மாதக் கடைசியில் ஒரு மதியம். முத்தியால்பேட்டையில் எங்கள் தெருக்கோடி வீட்டுத் தாத்தா திண்ணையில் சாய்ந்து கிடந்தார். சட்டை தெப்பலாக நனைந்திருந்தது, கை நடுங்கியது. எதிர்வீட்டுப் பெண் பார்த்துவிட்டு, ஓடிப்போய்ச் சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்தாள். கொஞ்ச நேரத்தில் கண் தெளிந்தது. “ஏன் தாத்தா, சாப்பிடலையா?” என்று கேட்டதற்குப் போனை எடுத்துக் காட்டினார்.

“உறுதின்னு போட்டிருக்கு பாரும்மா. இதோ வந்துடும்னு உக்காந்திருந்தேன்.”

அந்த ‘உறுதி’யை அனுப்பியது என் தங்கை மகள் செய்த ஆப். அதன் கோடில் பாதிக்கு மேல் எழுதியது ஏ.ஐ. அதைப் படித்துப் பார்த்துவிட்டு “நல்லா இருக்குடி” என்று சொன்னவள் நான். இந்த வாரம் அந்தக் கதைதான்.

தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பாண்டியில் இவர்களை ‘சொல்தா’ என்போம். பிள்ளைகள் பிரான்ஸில், இவர் இங்கே தனியாக. மதியச் சாப்பாடு மெஸ் அக்கா வீட்டிலிருந்து வரும். அக்கா தன் வீட்டிலேயே சமைத்துச் சுற்றுவட்டாரத்தில் நாற்பது வீடுகளுக்கு அனுப்புகிறார். வாட்ஸ்அப்பில் ஆர்டர் வந்து குவிந்து, யார் கேட்டார், யார் வேண்டாமென்றார் என்று தினமும் குழப்பம். இன்ஜினீயரிங் கடைசி வருடம் படிக்கிற நம்ம பொண்ணு, “நான் ஒரு ஆப் பண்ணித் தரேன் அக்கா” என்றாள்.

நாலே நாளில் செய்துவிட்டாள். என் காலத்தில் இதற்கு ஒரு மாதம் ஆகியிருக்கும். கோட் எழுதும் எடிட்டரிலேயே ஏ.ஐ. எக்ஸ்டென்ஷன் ஒன்றைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இரண்டு வார்த்தை அடித்தால், மீதிப் பத்து வரியைச் சாம்பல் நிறத்தில் அதுவே காட்டும். ‘டேப்’ பட்டனைத் தட்டினால் உங்கள் வரியாகிவிடும். கிட்ஹப் கோபைலட் 2021-ல் சோதனைக்கு வந்தது, 2022 ஜூனில் எல்லோருக்கும் திறந்தார்கள், மாணவர்களுக்கு அப்போதே இலவசம். அதன்பிறகு அதே மாதிரி எத்தனையோ வந்துவிட்டன. இவள் வைத்திருந்தது எது என்பது முக்கியமில்லை. எதுவாக இருந்தாலும் இதே கதை நடந்திருக்கலாம்.

இப்போது கொஞ்சம் அடுப்படிக்கு வாருங்கள். குக்கரில் அரிசியை வைத்துவிட்டு மூன்று விசில் வரும்வரை அதன் முன்னால் கைகட்டி நிற்பீர்களா? ரசத்துக்குப் புளி கரைப்பீர்கள், அப்பளம் பொரிப்பீர்கள், நடுவில் காஸ்காரருக்குக் கதவு திறப்பீர்கள். விசில் வந்ததும் குக்கரிடம் திரும்புவீர்கள். கம்ப்யூட்டரில் இதற்குப் பெயர் ‘ஏசிங்க்ரனஸ்’, சுருக்கமாக ‘ஏசிங்க்’. (முதல் எழுத்தை ‘அ’ என்று போட்டால் படிக்க வேறு மாதிரி இருக்கிறது, அதனால் ‘ஏ’.)

ஒரு ஆப் டேட்டாபேஸிடம் கணக்குக் கேட்டால் பதில் வரச் சில மில்லிநொடிகள் ஆகும். நமக்கு அது கண் சிமிட்டும் நேரம்கூட இல்லை, கம்ப்யூட்டருக்கு நெடுநேரம். அதற்குள் அடுத்த ஆளின் வேலையைப் பார்க்கப் போய்விடும். ‘இந்தப் பதில் வந்தபிறகுதான் அடுத்த வரி’ என்று அதற்குச் சொல்ல ‘அவெய்ட்’ என்று ஒரு சொல் உண்டு. சி ஷார்ப் மொழியில் 2012-ல் வந்தது, பைத்தானில் 2015-ல், ஜாவாஸ்கிரிப்ட்டில் 2017-ல். அதை மறந்தால் விசிலுக்கு முன்பே குக்கரைத் திறந்த மாதிரிதான். குக்கராவது மூடியைத் திறக்க விடாமல் அடம்பிடிக்கும். ஜாவாஸ்கிரிப்ட் பேசாமல் திறந்து கொடுத்துவிடும், உள்ளே அரிசி வெந்திருக்காது.

இவள் கோடில் ‘அவெய்ட்’ ஓர் இடத்திலும் விடுபடவில்லை. ஏ.ஐ. எல்லாவற்றையும் சரியாகப் போட்டிருந்தது. இருபது வருடம் கோட் எழுதிச் சம்பளம் வாங்கிய நானும் அதைத்தான் தேடினேன், இருந்தது, திருப்தியாகத் தலையாட்டினேன்.

அதில் இருந்தது இவ்வளவுதான்: மீன் சாப்பாடு எத்தனை மீதம் என்று கேள். ஒன்றாவது இருந்தால் ஒன்றைக் கழித்து எழுது. ‘உறுதி’ என்று மெசேஜ் அனுப்பு. படித்தால் என்ன தப்பு தெரிகிறது? அவள் தன் போனில் பத்துத் தடவை ஆர்டர் போட்டுப் பார்த்தாள், பதினோராவது தடவை ‘தீர்ந்துவிட்டது’ என்று வந்தது. மூன்று வாரம் ஒரு புகார் இல்லை.

ஏப்ரல் 15-ல் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. ஜூன் 14 வரை, 61 நாள், விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. மீன் வரத்து குறைந்து விலை ஏற, அக்கா மீன் சாப்பாட்டைப் பத்தாகக் குறைத்தார். ஆப்பில் ஆர்டர் திறப்பது காலை 9 மணிக்கு. தட்கல் டிக்கெட் மாதிரி எல்லோரும் கட்டைவிரலை வைத்துக் காத்திருந்து, மணி 9 ஆனதும் ஒரே நேரத்தில் அமுக்க ஆரம்பித்தார்கள்.

அங்கேதான் வினை. முதல் ஆளுக்காக ‘எத்தனை மீதம்?’ என்று கேட்டுவிட்டு ஆப் காத்திருக்கிறது. காத்திருக்கும் நேரத்தில் இரண்டாவது ஆளுக்காகவும் கேட்கிறது, மூன்றாவது ஆளுக்காகவும் கேட்கிறது. யாருக்கும் இன்னும் கழிக்கவில்லை. கடைசிச் சாப்பாடு ஒன்றுதான் இருக்கிறது, ஆனால் மூன்று பேருக்கும் ‘ஒன்று இருக்கிறது’ என்றே பதில் வருகிறது. மூன்று பேருக்கும் உறுதி! கேட்பதற்கும் கழிப்பதற்கும் நடுவில் இருக்கும் அந்தச் சின்ன இடைவெளியில் மற்றவர்கள் புகுந்துவிடுகிறார்கள். ஒரே ஆள் ஒரே போனில் டெஸ்ட் செய்தால் இது ஜென்மத்துக்கும் தெரியாது.

அன்றைக்கு 10 சாப்பாட்டுக்கு 14 உறுதி. பொட்டலம் கட்டும்போதுதான் அக்கா கவனித்திருக்கிறார். மூன்று பேர் இளவட்டங்கள், போன் செய்ததும் “பரவாயில்லக்கா” என்றுவிட்டார்கள். தாத்தாவின் போன் உள்ளே சார்ஜில் கிடந்தது, எடுக்கவில்லை. அவசரமாக மறுபடி உலை வைத்து, முட்டைக் குழம்பு செய்து அனுப்புவதற்குள் மணி இரண்டேகால். தாத்தாவோ மெசேஜை நம்பி, சாப்பாட்டுக்கு முன்னால் போடும் சர்க்கரை மாத்திரையைப் பன்னிரண்டு மணிக்கே போட்டுக்கொண்டுவிட்டார்.

சாயங்காலம் நம்ம பொண்ணு லேப்டாப்போடு வந்தாள், முகம் வெளுத்திருந்தது. ஏ.ஐ.யிடம், “இந்தக் கோடில் தப்பு இருக்கா?” என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்று பாராட்டி, மாறிகளின் பெயரை இன்னும் தெளிவாக வைக்கலாம் என்றது. எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன.

“இப்படிக் கேளு. ஒரே நேரத்துல ரெண்டு பேர் அமுக்கினா என்ன ஆகும்?”

கேட்ட அடுத்த நொடியே, ‘மிகச் சரியான கேள்வி’ என்று ஆரம்பித்துப் பிழை எந்த வரியில், ஏன் வருகிறது, எப்படித் திருத்துவது என்று எல்லாம் சொல்லிவிட்டது. அவள் கொதித்துப் போனாள். “தெரிஞ்சுக்கிட்டே ஏன் பெரிம்மா அப்படி எழுதுச்சு?”

ஏனென்றால் அவள் கேட்டது ‘சாப்பாடு ஆர்டர் செய்யும் கோட்’. நாற்பது பேர் பத்து மீனுக்குப் போட்டி போடுவார்கள் என்று அதற்கு யாரும் சொல்லவில்லை. அது படித்து வளர்ந்த பாடக் கோடுகளில் பெரும்பாலும் ஒருத்தர் வருவார், ஒன்று வாங்குவார், போவார். தடைக்காலம் அக்காவுக்குத் தெரியும், எங்களுக்கும் தெரியும். அதற்கு எப்படித் தெரியும்?

திருத்துவதற்கு முன்னால் பிழையைக் கண்ணால் பார்க்கச் சொன்னேன். 10 சாப்பாட்டுக்கு 50 ஆர்டரை ஒரே நேரத்தில் அனுப்பும் டெஸ்ட் ஒன்றை அந்த ஏ.ஐ.யையே எழுதவைத்தாள். ஓட்டினோம். 50 பேருக்கும் உறுதி. அதைவிடக் கூத்து, கணக்கில் இன்னும் 9 மீதம்! ஐம்பது பேருமே ‘10 இருக்கிறது’ என்று பார்த்து, ஆளுக்கு ஒன்று கழித்து, 9 என்று எழுதிவைத்திருக்கிறார்கள். பிறகு, ‘மீதம் இருந்தால் மட்டும் ஒன்று கழி’ என்பதை டேட்டாபேஸுக்கு ஒரே கட்டளையாகக் கொடுத்தாள். நடுவில் புகுவதற்கு இடைவெளி இல்லை. மறுபடி ஓட்டினோம். உறுதி 10, இல்லை 40, மீதம் 0. அந்தக் கட்டளை நாலே வரி.

இதெல்லாம் சின்ன மெஸ் விவகாரம் என்று நினைக்காதீர்கள். 2003 ஆகஸ்ட் 14-ல் அமெரிக்காவின் வடகிழக்கிலும் கனடாவின் ஒன்டாரியோவிலும் சுமார் 5 கோடிப் பேருக்குக் கரன்ட் போனது. மின்கம்பி மரத்தில் உரசியதில் ஆரம்பித்த விஷயம்தான். ஆனால் ஒஹாயோவில் ஒரு கட்டுப்பாட்டு அறையில் அலாரம் மென்பொருள் இதே வகைப் பிழையால் உறைந்துபோய், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஊழியர்களுக்கு நிலைமை தெரியாமலே போனது.

ஏ.ஐ. உதவியால் வேலை வேகமாகிறது என்று எல்லோரும் சொல்கிறோம். 2025 ஜூலையில் ‘மீட்டர்’ என்ற அமெரிக்க ஆய்வு அமைப்பு, அனுபவமுள்ள 16 புரோகிராமர்களுக்கு அவர்களுடைய சொந்த புராஜெக்ட்டிலேயே 246 வேலைகள் கொடுத்துப் பார்த்தது. ஏ.ஐ.யோடு செய்த வேலைகளுக்கு 19 சதவீதம் கூடுதல் நேரம் ஆகியிருந்தது. வேலை முடித்தவர்களோ, 20 சதவீதம் சீக்கிரம் முடித்ததாக நம்பிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் தங்கள் கோடில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். கல்லூரிப் பெண்ணுக்கு அந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது. இவளுக்கு நேரம் மிச்சமானது நிஜம்தான். அந்த மிச்ச நேரத்தில் ஐம்பது பேர் டெஸ்ட்டை முதல் நாளே ஓட்டியிருக்கலாம். எனக்கும் அது தோன்றவில்லை என்பதால் அவளை அதிகம் திட்ட முடியவில்லை.

மறுநாள் தாத்தாவைப் பார்க்கப் போனோம். அவள் கையில் ஒரு பாக்கெட் பிஸ்கட். அவர் கோபப்படவில்லை, ஒன்றே ஒன்று கேட்டார்.

“ஏம்மா, தெரியாத விஷயத்துக்கு ஏன் உறுதின்னு போட்டே? பாக்குறோம்னு போட்டிருந்தா ரெண்டு பிஸ்கட் தின்னுட்டு அப்புறமா மாத்திரை போட்டிருப்பேன்ல?”

ஏ.ஐ.க்கும் எனக்கும் தோன்றாத கேள்வி. அன்று ராத்திரியே மெசேஜை மாற்றினாள். அமுக்கியதும், ‘ஆர்டர் வந்தது, பார்த்துச் சொல்கிறோம்’ என்று வரும். கணக்கு முடிந்தபிறகுதான் ‘உறுதி’. வண்டி புறப்பட்டதும் ‘கிளம்பியாச்சு’ என்று மூன்றாவதாக ஒன்று.

அக்கா தன் பங்குக்கு ஒன்று செய்தார். தடைக்காலம் முடியும்வரை ஆப்பில் 9 மீன் சாப்பாடுதான் காட்டியது. பத்தாவது, காலை 9 மணிக்கு முன்பே தாத்தா பெயரில் ஒதுக்கியாகிவிடும். அதை மட்டும் அடுப்படிக் காலண்டரில் பென்சிலால் எழுதி வைத்துக்கொண்டார்.